திறந்த மேய்ச்சல்வெளியை முடித்து வைத்தது முள்கம்பிதானா?

கேள்வி: வரலாற்று மாணவி

வணக்கம். அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்த கால்நடை வளர்ப்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு டெக்சாஸின் நீள்கொம்பு மாடுகள் கான்சாஸ் ரயிலடிகளுக்கு மந்தை மந்தையாக ஓட்டிச் செல்லப்பட்டதும், வேலியே இல்லாத பொதுவெளியில் பல பண்ணைகளின் மாடுகள் ஒன்றாகக் கலந்து மேய்ந்ததும், வசந்த காலத்தில் எல்லாப் பண்ணையாரின் ஆட்களும் கூடி, மாடுகளை வளைத்து, சூட்டுக்குறி பார்த்துப் பிரித்துக்கொண்டதும் ஓரளவு தெளிவாகிவிட்டன. அந்த வாழ்க்கை இருபது ஆண்டுகளுக்குள் எப்படி மறைந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நான் படித்த நூல்களில் பெரும்பாலானவை, முள்கம்பி வந்தது, மேய்ச்சல்வெளி முடிந்தது என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரி எனக்கு நிறைவளிக்கவில்லை. முள்கம்பிக்கு ஜோசப் கிளிடனுக்கு முன்பே சிலர் காப்புரிமை பெற்றிருக்கும்போது அவர் பெயர் மட்டும் நிலைத்தது ஏன்? வேலியைக் கடுமையாக எதிர்த்த கால்நடைப் பண்ணையாரே சில ஆண்டுகளில் எல்லோரையும் விட அதிகமாக வேலி போட்டது எதனால்? ரயில்பாதை, வறட்சி, 1886–87 குளிர்கால அழிவு ஆகியவையும் அதே காலத்தில் நேர்ந்திருக்க, கம்பியின் பங்கைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா? இவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பழங்கம்பி

வணக்கம். பழைய முள்கம்பி வகைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக விடை சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சமவெளியில் வேலி போடுவது அந்நாளில் எவ்வளவு கடினம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிழக்கு மாநிலங்களில் காட்டை வெட்டிய மரமே வேலியாயிற்று. மரமில்லாத புல்வெளியில் அதற்கு வழியில்லை. 1862ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலம் பெற்ற குடியானவர், அந்த நிலத்தைச் சுற்றி மரச்சட்ட வேலி போட வேண்டுமென்றால் மரத்தை ரயிலில் வரவழைக்க வேண்டும். அந்தச் செலவு நிலத்தின் மதிப்பையே விழுங்கிவிடும். நாட்டின் வேலிகளுக்கு ஆன செலவு, நாட்டிலுள்ள கால்நடைகளின் மொத்த மதிப்பை நெருங்குகிறது என்று அமெரிக்க வேளாண் துறை 1871இல் கணக்கிட்டது. மாற்றாக, முள்ளடர்ந்த ஒசேஜ் ஆரஞ்சுச் செடிகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். அது நன்றாக வளர்ந்துவிட்டால் எந்த மாடும் புகாது. ஆனால் வளர்வதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். அருகிலுள்ள பயிரின் நீரையும் வெயிலையும் அது எடுத்துக்கொள்ளும். எல்லை மாறினால் அதைப் பெயர்த்து நட முடியாது. வெறும் இரும்புக் கம்பியையும் முயன்று பார்த்தார்கள். மாடுகள் அதில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டே கம்பத்தைச் சாய்த்தன; கோடையில் கம்பி நீண்டு தொய்ந்தது, கடுங்குளிரில் சுருங்கி அறுந்தது.

இந்தக் குறைகளையெல்லாம் ஒரே பொருளில் தீர்க்க வேண்டியிருந்தது. ஒஹாயோவின் கென்ட் நகரைச் சேர்ந்த லூசியன் ஸ்மித் 1867இல் பெற்ற காப்புரிமையில், கம்பியில் கோக்கப்பட்ட சிறு மர உருளைகளில் கூர்முனைகள் செருகப்பட்டிருந்தன. 1868இல் மைக்கேல் கெல்லி, தகட்டிலிருந்து வெட்டிய வைர வடிவ முட்களைக் கம்பியில் பொருத்தினார். இவை இரண்டும் முள்வேலிதான். ஆனால் ஊர் ஊராகப் பரவவில்லை.

1873இல் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் வட்டாரக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்ற குடியானவர் தாம் உருவாக்கிய ஒன்றை வைத்திருந்தார். வேலி தாண்டும் பழக்கமுள்ள ஒரு பசுவை அடக்குவதற்காக, கூர்முனைகள் பதித்த பலகை ஒன்றை அவர் முதலில் அதன் தலையிலேயே கட்டிப் பார்த்ததாகவும், பிறகுதான் அந்தப் பலகையை வேலிக்கம்பியில் தொங்கவிட்டதாகவும் கூறுவார்கள். அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களுள் மூவர் அந்தப் பலகையின் முன் நின்று யோசித்தார்கள்: விவசாயி ஜோசப் கிளிடன், இரும்புக்கடை நடத்திய ஐசக் எல்வுட், மரவணிகர் ஜேக்கப் ஹைஷ். கூர்முனைகளைப் பலகையில் வைப்பதற்குப் பதிலாகக் கம்பியிலேயே வைத்தால் என்ன என்ற எண்ணம் மூவருக்கும் தோன்றியது. மூவரும் தனித்தனியே முயன்றார்கள்.

கிளிடனின் கம்பித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் வென்ற காரணம் விளங்கும். சிறு கம்பித் துண்டு ஒன்று முதன்மைக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும். அதன் இரு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் கூராக இருக்கும். இதுவரை புதுமை அதிகமில்லை. முள்ளை இப்படிச் சுற்றி மட்டும் விட்டால், மாடு நெருக்கும்போது அது கம்பியில் வழுக்கிப் போய் ஓரிடத்தில் குவியும், அல்லது அச்சில் சுழலும். கிளிடன் அந்தக் கம்பியோடு இரண்டாவது கம்பி ஒன்றைச் சேர்த்து முறுக்கினார். இரண்டாம் புரி ஒவ்வொரு முள்ளையும் அழுத்திப் பிடித்துக்கொள்வதால், அது நகரவும் முடியாது, சுழலவும் முடியாது. அதே முறுக்கு, வெயிலிலும் குளிரிலும் ஏற்படும் நீட்சியையும் சுருக்கத்தையும் தானே ஏற்றுக்கொள்வதால், ஒற்றைக் கம்பியைப் போல இது எளிதில் தொய்வதோ அறுவதோ இல்லை. முட்களை வளைக்கக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைஎந்திரத்தை அவர் மாற்றியமைத்துப் பயன்படுத்தினார். 1874 நவம்பர் 24 அன்று அவருக்கு 157,124ஆம் எண் காப்புரிமை கிடைத்தது. எல்வுட் தமது சொந்த வடிவத்தைக் கைவிட்டு, 265 டாலர் கொடுத்துக் கிளிடனின் உரிமையில் பாதியை வாங்கிக்கொண்டார். தம்முடையதைவிட நல்லதைக் கண்டதும் அதை ஒப்புக்கொண்டு அதன் பக்கம் சென்ற அவருடைய வணிக அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஹைஷ் விட்டுக்கொடுக்கவில்லை, எஸ் வடிவ முள்ளுக்கு 1875இல் காப்புரிமை பெற்று, கிளிடனோடு நெடுங்காலம் வழக்காடினார்.

1876இல் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகரத்துக் கம்பி உற்பத்தி நிறுவனமான வாஷ்பர்ன் அண்டு மோயன், கிளிடனிடம் எஞ்சியிருந்த பாதியை 60,000 டாலருக்கும், விற்கும் ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 25 சென்ட் உரிமத்தொகைக்கும் வாங்கியது. அதன் பிறகு முள்கம்பி வீட்டுத் தொழிலாக இருக்கவில்லை. 1874இல் ஏறத்தாழ 10,000 பவுண்டு உற்பத்தி. அடுத்த ஆண்டே 6 லட்சம் பவுண்டு. 1880இல் 8 கோடியே 5 லட்சம் பவுண்டு. பழைய வகைக் கம்பி ஏறத்தாழ பதினாறரை அடிக்கு ஒரு பவுண்டு நிறை இருக்கும் என்று கொண்டால், அந்த ஒரே ஆண்டில் செய்யப்பட்ட கம்பி சுமார் இரண்டரை லட்சம் மைல் நீளம். உலகைப் பத்து முறை சுற்றி வரும் அளவு.

கெல்லியின் முள்ளுக்கும் கிளிடனின் முள்ளுக்கும் உள்ள வேறுபாடு காப்புரிமைக்குப் போதுமானதா என்ற வழக்கு 1892 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கிளிடனுக்கு முன்பே அயோவாவில் ஒருவர் முள்கம்பியைச் செய்து காட்டினார் என்று பலர் நினைவிலிருந்து சாட்சி சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பிந்தைய அந்த நினைவுச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறுபாடு சிறியதே என்றாலும் அதுவே முள்கம்பியை நடைமுறையில் வெற்றிபெறச் செய்தது என்றும், காப்புரிமைச் சட்டத்தில் கடைசிப் படியே வெல்லும் என்றும் தீர்ப்பு கூறியது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1891இல், அந்தக் காப்புரிமையின் 17 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டிருந்தது.

மறுமொழி: சட்ட வாசகன்

முந்தைய மறுமொழி கம்பியின் பிறப்பை நன்றாகவே விளக்கியது. ஆனால் கம்பி என்ன செய்தது என்று கேட்டால், அது மாட்டைத் தடுத்ததைவிட, வேலிச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு இருந்த பழைய விடையைக் குலைத்ததுதான் பெரிது என்பேன். உங்கள் கட்டுரை இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்ட மரபில், மாட்டை வைத்திருப்பவர்தான் அது அடுத்தவர் பயிரை மேயாமல் காக்க வேண்டும். மேற்கு மாநிலங்கள் இதைத் தலைகீழாக்கின. அங்கே மாடு எங்கும் மேயலாம். பயிர் வேண்டுபவர் தம் வயலைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் சொன்ன அளவில் வேலி போடாதவர் இழப்பீடு கேட்க முடியாது. மரமில்லாத நிலத்தில் இந்த விதி குடியானவரை ஏறத்தாழ வெளியேற்றும் விதியாகவே இருந்தது. ஆகவேதான் 1870களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவும் கான்சாஸும் மந்தைச் சட்டங்கள் இயற்றி, பொறுப்பை மறுபடி மாட்டுக்காரர் மீது வைக்க வழி செய்தன. முள்கம்பி இதற்குப் பின்னரே வந்தது என்பதைக் கவனியுங்கள். உழவருக்கும் பண்ணையாருக்கும் இடையிலான சண்டை அதற்கு முன்பே சட்டமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. மலிவான கம்பி கிடைத்ததும், சட்டம் எப்படி இருந்தாலும் தம் பயிரைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் உழவருக்கு வந்துவிட்டது.

இனி, பண்ணையார் மனம் மாறியது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது. டெக்சாஸின் வறண்ட மேற்குப் பகுதியில் ஓர் ஓடைக்கரையை உடையவர், அந்த ஓடையிலிருந்து மாடு நடந்து போய் மேய்ந்து திரும்பக்கூடிய தொலைவு முழுவதையும் நடைமுறையில் ஆண்டார். வேலி இல்லாத காலத்தில் அந்த ஓடையில் எல்லோருடைய மாடும் குடித்தது. வேலி போட முடியும் என்றானதும், ஓடையை முதலில் வளைத்தவருக்கு அதைச் சூழ்ந்த புல்லும் சொந்தமாகிவிடும் நிலை ஏற்பட்டது. தாம் போடாவிட்டால் பக்கத்துப் பண்ணையார் போட்டுவிடுவார் என்ற அச்சத்தில், எதிர்த்தவர்களே கம்பி வாங்கினார்கள். விலைக்கு வாங்கிய நிலத்தை வேலியிட்டவர்கள் உண்டு. அதோடு சேர்த்துப் பொது நிலத்தையும், இடையில் அகப்பட்ட சிறு குடியானவரின் நிலத்தையும், பள்ளிக்கும் அஞ்சலகத்துக்கும் போகும் பாதையையும் வளைத்தவர்களும் உண்டு.

1883ஆம் ஆண்டு வறட்சியில் இது வெடித்தது. நிலமில்லாமல் மாடு மட்டும் வைத்திருந்தவர்கள் தண்ணீருக்கு வழியின்றி இரவில் கூட்டமாகச் சென்று கம்பிகளை வெட்டினார்கள். ஆந்தைகள், நீலப் பேய்கள் என்றெல்லாம் அந்தக் கூட்டங்கள் தமக்குப் பெயர் வைத்துக்கொண்டன. டெக்சாஸின் அப்போதைய வட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கம்பி வெட்டு நடந்தது. கோல்மன் வட்டத்தில் கணவரை இழந்த மேபல் டே என்ற பெண்மணி, தமது பெரும்பண்ணையை முழுவதுமாக வேலியிட்டிருந்தார். அவருடைய வேலியும் மைல் கணக்கில் வெட்டப்பட்டது, சட்டம் வேண்டும் என்று முனைந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆளுநர் ஜான் அயர்லாந்து சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட, 1884 ஜனவரியில் அது கூடியது. வேலியை வெட்டுவது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றமாயிற்று. பொது நிலத்தையோ பிறர் நிலத்தையோ தெரிந்தே வளைப்பது சிறுகுற்றமாயிற்று. அப்படி வளைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வேலியை அகற்ற வேண்டும். பொதுப் பாதையை மறிக்கும் வேலியில் மூன்று மைலுக்கு ஒரு வாயில் வைக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் இரண்டு தட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பியை வெட்டியவருக்குச் சிறை. பொது நிலத்தை வளைத்தவருக்கு அபராதம். திறந்த மேய்ச்சல்வெளியின் முடிவுக்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னால், கிளிடன் காப்புரிமை பெற்ற நாளைக் காட்டிலும் இந்தச் சட்டம் நிறைவேறிய நாளையே நான் குறிப்பேன். பிற மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் நிலம் மத்திய அரசுடையதாக இருந்ததால், அங்கே நாடாளுமன்றம் 1885 பிப்ரவரியில் சட்டவிரோத வளைப்புத் தடைச் சட்டத்தை இயற்றியது; அதே ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் அந்த வேலிகளை அகற்ற ஆணையிட்டார். டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தபோதே தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொண்டதால் அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய கட்டுரைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டெக்சாஸ் தன் நிலத்தை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு எக்ஸ்ஐடி பண்ணை நல்ல சான்று. புதிய தலைமைச் செயலக மாளிகையைக் கட்டித் தந்த சிகாகோ முதலீட்டாளர் குழுவுக்கு, கூலியாக மாநிலத்தின் வடமேற்கில் சுமார் 30 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது. 1885இல் வேலி வேலை தொடங்கி, நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,500 மைல் வேலி எழுந்தது. கிளிடனும் தம் விற்பனைப் பிரதிநிதி ஹென்றி சான்பார்னும் சேர்ந்து அதே வடமேற்கில் ஃபிரையிங் பான் என்ற பண்ணையை அமைத்து, முள்கம்பி இவ்வளவு பெரிய பரப்புக்கும் ஏற்றது என்று காட்டினார்கள்.

கடைசியாகக் குளிர்காலத்தைப் பற்றி. அதையும் வேலியையும் தனித்தனிக் காரணங்களாக எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வடக்கிலிருந்து பனிப்புயல் வீசும்போது மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்; பள்ளத்தாக்கோ மரத்தோப்போ கிடைக்கும் இடத்தில் ஒதுங்கிப் பிழைக்கும். வடக்கு மாடுகள் தங்கள் புல்லில் வந்து சேர்வதைத் தடுக்க, டெக்சாஸ் வடமேற்குப் பண்ணையாளர்கள் கனேடியன் ஆற்றுக்கு வடக்கே ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்குக் குறுக்குவேலி ஒன்றை 1881 முதல் 1885 வரை போட்டு முடித்தார்கள். 1886 ஜனவரிப் புயலில் தெற்கே வந்த மாடுகள் அந்த வேலியில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை நெருக்கின. தாண்டவும் முடியாமல், காற்றை எதிர்த்துத் திரும்பவும் முடியாமல், வேலியோரமாகவே உறைந்து செத்தன. அடுத்த குளிர்காலத்தில் மொன்டானா, வயோமிங், டகோட்டா பகுதிகளில் நேர்ந்த பேரழிவுக்குக் குறுக்குவேலி காரணமில்லை. 1886 கோடையின் வறட்சியும், தாங்கும் அளவுக்கு மேல் மாடுகளை மேயவிட்டதும், வைக்கோல் சேர்த்து வைக்காததும்தான் காரணங்கள். டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் அந்தக் குளிரில் தம் மந்தையின் பெரும்பகுதியை இழந்தார். அதன்பின் வடக்கத்திப் பண்ணையார்கள் வைக்கோல் நிலத்தை வேலியிட்டுக் காத்து, மந்தையைச் சிறிதாக்கி, குளிரில் தீவனம் போடத் தொடங்கினார்கள். அங்கே வேலி அழிவுக்குப் பின் மருந்தாக வந்தது; டெக்சாஸ் வடமேற்கில் அழிவின் கருவியாகவே நின்றது.

கேட்டவர்: வரலாற்று மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓடையை வளைத்தவருக்குப் புல்லும் சேர்ந்தது என்ற விளக்கம் என் கட்டுரையின் நடுப்பகுதியையே மாற்றிவிடும். ஒன்று மட்டும் மேலும் கேட்கிறேன். மாட்டினத்தில் வேலி என்ன மாற்றம் செய்தது? நீள்கொம்பு மாடுகள் குறைந்து, இங்கிலாந்திலிருந்து வந்த இறைச்சி மாட்டினமான ஹெரிஃபோர்டு மாடுகள் பெருகியதை வேலியோடு தொடர்புபடுத்தலாமா? விலங்குகளுக்கு ஏற்பட்ட காயங்களைப் பற்றியும் யாரேனும் கூறினால் நல்லது.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

இனப்பெருக்கத்தோடு தாராளமாகத் தொடர்புபடுத்தலாம். திறந்தவெளியில் எவருடைய பசுவோடும் எவருடைய காளையும் சேரும். ஒருவர் பெரும்பணம் கொடுத்து நல்ல காளை வாங்கிவிட்டால் அதன் பலன் ஊருக்கெல்லாம் போகும். அவருடைய பசுக்களோ பக்கத்துப் பண்ணையின் தரம் குறைந்த காளையிடம் சினைப்படும். எனவே யாரும் நல்ல காளைக்குச் செலவிடவில்லை. வேலி வந்த பிறகு எந்தக் காளை எந்தப் பசுக்களோடு, எந்த மாதத்தில் சேர வேண்டும் என்பதைப் பண்ணையார் முடிவு செய்ய முடிந்தது. கன்றுகள் ஒரே பருவத்தில் பிறந்தன. பால்குடி மறக்கச் செய்வதும் எடை பார்த்து விற்பதும் ஒழுங்காயின. 1876இல் டெக்சாஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் ஜேஏ பண்ணையைத் தொடங்கிய சார்ல்ஸ் குட்நைட், நிலத்தை வேலியிட்டு ஹெரிஃபோர்டு காளைகளைக் கொண்டு மந்தையின் தரத்தை உயர்த்தியது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. காற்றாலைக் கிணறுகளையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வேலி மாட்டை ஓடையிலிருந்து பிரித்தது; காற்றாலை ஓடையில்லாத புல்வெளியில் தண்ணீர் கொடுத்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று அவ்வளவு பரவியிருக்காது.

நோய்த்தடுப்பிலும் வேலிக்குப் பங்குண்டு. நீள்கொம்பு மாடுகள் தங்களுக்குத் தீங்கின்றிச் சுமந்து சென்ற டெக்சாஸ் காய்ச்சல், போகிற வழியெல்லாம் வடக்கத்தி மாடுகளைக் கொன்றது. அந்த அச்சத்தால்தான் கான்சாஸ் மந்தை வழிகளை மேற்கே மேற்கே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அடைத்தது. நோயைப் பரப்புவது உண்ணி என்று தியோபால்டு ஸ்மித்தும் ஃபிரெட் கில்போர்னும் 1893இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்கள்; ஒரு நோய்க்கிருமியைக் கணுக்காலி ஒன்று பரப்பும் என்பதற்கு அது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. 1906இல் மத்திய அரசு உண்ணி ஒழிப்பைத் தொடங்கியபோது, மாடுகளை அடைத்து வைக்கவும் மருந்துநீரில் முக்கவும் மேய்ச்சல் நிலத்தைச் சிறிது காலம் வெறுமையாக விடவும் வேலி இன்றியமையாததாக இருந்தது.

காயங்களைப் பற்றி எழுதுவதென்றால் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தொடக்ககாலக் கம்பிகளின் முட்கள் நீளமாகவும் அகலமாகவும் இருந்தன. புல்லோடு புல்லாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடு ஒன்று வழியை மறிப்பது அதுவரை வேலியே அறியாத மாடுகளுக்குப் புரியவில்லை. கிழிந்த புண் ஆறிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்நாளில் தெற்கு மாநிலங்களில் கோடையில் ஏற்பட்ட புண்ணின் ஓரத்தில் ஒருவகை ஈ முட்டையிட்டது. அதன் புழு செத்த சதையை விட்டு உயிருள்ள சதையையே தின்னும். கம்பி கீறிய சிறு கோடு, ஒருவரும் கவனிக்காவிட்டால், சில நாட்களில் மாட்டையே கொன்றுவிட்டது. வேலியைச் சுற்றி வரும் ஆள் கம்பியை மட்டுமல்லாமல் மாட்டின் உடம்பையும் பார்த்து வர வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். மக்களின் எதிர்ப்பு வலுத்ததால், முட்களைச் சிறிதாக்குவதும், வேலி கண்ணில் படும்படி கம்பியில் மரக்கட்டைகளையோ தகட்டுத் துண்டுகளையோ கோப்பதும் வந்தன.

மாடு தோல் தடித்த விலங்கு. ஒருமுறை குத்துப்பட்டால் ஒதுங்கக் கற்றுக்கொள்ளும். குதிரை அப்படியல்ல. அச்சம் வந்தால் ஓடும். கால் கம்பியில் சிக்கினால் நின்று யோசிக்காது, உதறி இழுக்கும். நான் தைத்த முள்கம்பிப் புண்களுள் மிக மோசமானவை குதிரைகளின் பின்னங்கால்களில்தான். தோல் கையுறை கழன்றதைப் போல உரிந்து, தசைநாண் வெளியே தெரியும் நிலையில் கொண்டுவருவார்கள். குதிரை நிற்கும் இடத்தில் முள்கம்பி வேண்டாம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன்.

காட்டு விலங்குகளில் புரோங்ஹார்ன் என்ற கவைக்கொம்பு மான் தனித்துக் கவனிக்கத்தக்கது. வேகமாக ஓடும் அந்த விலங்கு வேலியைத் தாண்டுவதில்லை. அடியில் நுழைந்து செல்லவே முயலும். அடிக்கம்பி தாழ்வாக இருந்தால் முதுகு கிழியும், அல்லது குளிர்கால இடப்பெயர்வே நின்றுபோகும். ஆகவே இப்போது மேற்கு மாநிலங்களில் அடிக்கம்பியை முள்ளில்லாததாகவும், தரையிலிருந்து 16 முதல் 18 அங்குல உயரத்திலும், மேல்கம்பியை 42 அங்குலத்துக்கு மிகாமலும் அமைக்கச் சொல்கிறார்கள். காட்டெருமையின் அழிவை மட்டும் வேலியின் மேல் ஏற்றாதீர்கள். தோலுக்காக நடந்த வேட்டையில் 1880களின் தொடக்கத்திலேயே அவை ஏறத்தாழ அழிந்துவிட்டன.

மறுமொழி: பழங்கம்பி

சட்ட வாசகன் அவர்களின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். விலையைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு மைல் வேலிக்கு நான்கு வரிசை என்றால் ஏறத்தாழ 1,280 பவுண்டு கம்பி ஆகும். நூறு பவுண்டு 20 டாலருக்கு விற்ற 1874இல் அதற்கு 256 டாலர். விலை 10 டாலராக இறங்கிய 1880இல் 128 டாலர். 1897இல் விலை 1.80 டாலர், அதே மைலுக்கு 23 டாலரே போதும். முதலில் பெரும்பண்ணையார் மட்டும் வளைக்க முடிந்ததும், பிற்பாடு சிறு குடியானவரும் வளைத்துக்கொண்டதும் இந்த விலைப்பட்டியலிலேயே தெரிகிறது. கம்பி வெட்டுக் கலகம் நிகழ்ந்த 1883, கம்பி பண்ணையாருக்கு மலிவாகவும் சிறியவருக்கு இன்னும் எட்டாமலும் இருந்த இடைக்காலம். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேலிக்கம்பியையே தொலைபேசிக் கம்பியாகப் பயன்படுத்தி, தொலைவிலிருந்த பண்ணை வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதையும், மின்கசிவைத் தடுக்கக் கம்பங்களில் கண்ணாடிப் புட்டிகளின் கழுத்தைச் செருகியதையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. பழைய கம்பி வகைகளை நேரில் பார்க்க விரும்பினால், கான்சாஸின் லா குரோஸ் ஊரிலும் டெக்சாஸின் மெக்லீன் ஊரிலும் இதற்கென்றே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

மறுமொழி: சட்ட வாசகன்

விலைக் கணக்கு என் வாதத்தை வலுப்படுத்துகிறது, ஏற்றுக்கொள்கிறேன். மாணவிக்கு ஒரு குறிப்பு மட்டும்: டெக்சாஸில் திறந்தவெளி விதி ஒரேயடியாக நீக்கப்படவில்லை. கால்நடையை அடைத்து வைக்க வேண்டுமா என்பதை அந்தந்த வட்டத்து மக்களே வாக்களித்து முடிவு செய்யும் முறை அங்கே ஏற்பட்டது. நெடுஞ்சாலைகளுக்குத் தனிச்சட்டம் வந்தது. மொன்டானா, வயோமிங் போன்ற மாநிலங்களில், மாடு வேண்டாம் என்பவர் வேலி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதியின் பெரும்பகுதி இன்றும் நடைமுறையில் உள்ளது. எனவே கட்டுரையில் ஏதாவது ஒரு வட்டத்தை எடுத்துக்காட்டும்போது, அங்கே வேலி எந்த ஆண்டு வந்தது என்பதோடு, மந்தைச் சட்ட வாக்கெடுப்பு எந்த ஆண்டு நடந்தது என்பதையும் வட்ட ஆவணங்களில் தேடிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்தால், அந்த வட்டத்தில் கம்பி முந்தியதா சட்டம் முந்தியதா என்பது தெரிந்துவிடும்.